ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பிறகு ‘போதும்’ என்பது எப்படித் தெரியும்?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கும் கேள்வி, சுருக்கமாக: “வயது 40. ஸ்லீவ் ஆபரேஷன் (எடை குறைய இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடுவது) செய்து நாலு மாதம் ஆகிறது. சாப்பிடும்போது வயிறு நிறைந்த மாதிரியே தெரிவதில்லை. தெரியும்போது நெஞ்சில் அடைத்து வாந்தியாகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. ஆனால் முறுக்கு, பணியாரம் என்றால் எவ்வளவு தின்றாலும் அடைக்கவில்லை, அது வேறு பயமாக இருக்கிறது. தையில் எங்கள் மாமனாருக்குப் பீமரத சாந்தி, எழுபது வயதுக்குச் செய்வது. வீடு நிறைய ஆள் இருக்கும். எப்படிச் சமாளிப்பது?”

நடுவில் ஒன்று இருக்கிறது ஆச்சி. அது வயிற்றில் தெரிவதில்லை. நீங்கள் வயிற்றிலேயே தேடுவதால்தான் பிடிபடவில்லை.

எடைகுறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. பிறந்த ஊர் செட்டிநாட்டுப் பள்ளத்தூர் என்பதால் உங்கள் வீட்டுச் சமையலும் பந்தியும் எப்படி இருக்கும் என்று தெரியும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் வயிறு நிறைவது எப்படித் தெரிந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். இரைப்பையின் மேல்பக்கம், இடது விலாவுக்கு உள்ளே இருக்கிற பகுதி நன்றாக நெகிழ்ந்து கொடுக்கும். சாப்பாடு வர வர அது தளர்ந்து இடம்விடும். சுவர் இழுபடுவதை வேகஸ் நரம்பு மூளைத்தண்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். உணவு சிறுகுடலில் இறங்கியதும் அங்கிருந்து சிசிகே, ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்கள் ரத்தத்தில் கலக்கும். இவை எல்லாம் சேர்ந்து ‘போதும்’ என்ற எண்ணம் வருவதற்கு 15, 20 நிமிடம் ஆகும். மெதுவாக வருகிற சங்கதி, ஆனால் வரும் வழி நமக்குப் பழகிப்போனது. வயிறு கனக்கும், இடுப்புச் சேலை இறுகும், எழுந்துவிடுவோம்.

ஸ்லீவில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை எடுத்துவிடுகிறார்கள். அந்த நெகிழும் பகுதி அதோடு போய்விடுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அங்கேதான் சுரக்கிறது, அதனால் பசியும் படுத்துவிடுகிறது. மிஞ்சுவது ஏறக்குறைய 100, 150 மில்லி பிடிக்கும் ஒரு குழாய். அதன் சுவர் பழைய இரைப்பை போல விட்டுக்கொடுக்காது. உள்ளே அழுத்தம் படிப்படியாக ஏறாமல் சட்டென்று ஏறும். நீங்கள் சொல்லும் ‘ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, திடீரென்று அடைப்பு’ என்பது இதுதான். அடைப்பு தெரியும் இடமும் மாறிவிட்டது. தொப்புளுக்கு மேலே வயிற்றில் தெரிந்தது இப்போது நெஞ்செலும்புக்குப் பின்னால் தெரிகிறது. எடை குறைய இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புதுப் பை இன்னும் சின்னது, தொடக்கத்தில் 30 மில்லிதான். அடையாளங்கள் பெரும்பாலும் ஒன்றே, ஆகவே அவர்களும் இதைப் படிக்கலாம்.

முதல் ஆறு, எட்டு வாரம் உள்ளே வீக்கம் இருக்கும். அப்போது எந்த அடையாளத்தையும் நம்ப முடியாது. டாக்டர் சொன்ன அளவை அளந்து சாப்பிட்டால் போதும். நீங்கள் அதைத் தாண்டி வந்துவிட்டீர்கள். இனிமேல் உடம்பு பேசும், சின்னக் குரலில்.

அந்தக் குரல் எப்படி இருக்கும் என்றால், பலருக்கு முதலில் வருவது ஒரு பெருமூச்சு. சாப்பிட்டுக்கொண்டே இருக்கும்போது தானாக மூச்சு ஒருமுறை ஆழமாக இழுத்து விடும். சிலருக்கு ஒரே ஒரு விக்கல். சிலருக்கு மூக்கு ஒழுகும் அல்லது ஒரு தும்மல். சிறிய ஏப்பம், தொண்டை அடியில் லேசான இறுக்கம், கண் கசிவது, வாயில் எச்சில் கூடுவது, இடது தோள்பட்டையில் ஒரு சுருக்கு வலி. இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை: ருசி குறைந்துவிடும். முதல் வாயில் அவ்வளவு நன்றாக இருந்த மீன் ஏழாம் வாயில் சப்பென்று ஆகும். விசித்திரமாகத் தோன்றினாலும் இதற்கெல்லாம் காரணம் உண்டு. எச்சிலையும் மூக்குநீரையும் ஆளும் மையங்கள், வேகஸ் நரம்பு போய்ச் சேரும் அதே மூளைத்தண்டில்தான் இருக்கின்றன. தோள்பட்டை வலிக்கு உதரவிதானம் காரணம். அதன் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புவதால், உதரவிதானம் உறுத்தப்பட்டால் வலி தோளில் தெரியும்.

எல்லாருக்கும் எல்லாம் வராது. ஒருவருக்கு ஒன்றோ இரண்டோதான் நிலையாக வரும். உங்களுடையது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

இங்கே நம் ஊர்ச் சமையலில் ஒரு சிக்கல் இருக்கிறது. மிளகு தட்டிப்போட்ட கோழி ரசமோ நண்டு ரசமோ குடித்தால் ஆபரேஷன் செய்யாதவனுக்கே மூக்கு ஒழுகும். வரமிளகாய் கிள்ளிப்போட்ட வறுவலுக்கு விக்கல் வரும். ‘எனக்கு முதல் வாயிலேயே மூக்கு ஒழுகுது, அப்ப நிறைஞ்சிருச்சா?’ என்று சாப்பாட்டையே விட்டவர்களும் உண்டு, ‘இது காரத்துக்கு வர்றது’ என்று உண்மையான அடையாளத்தைத் தள்ளிவிட்டு மேலே ஒரு வாய் போட்டு வாந்தி எடுத்தவர்களும் உண்டு. ஆகவே அடையாளம் கண்டுபிடிக்கிற இரண்டு வாரத்துக்கு, ஒரு நேரச் சாப்பாட்டை மட்டுமாவது காரம் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்த மீன், பன்னீர், தண்ணீர் வற்றிய பாசிப்பருப்பு, அவித்த முட்டை. எல்லாம் சப்பென்றுதான் இருக்கும், இரண்டு வாரம்தானே.

ஒருவர் சாப்பிடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன், உங்களுக்குப் புரியும். அவரும் உங்கள் வயதுதான், ஆபரேஷன் முடிந்து உங்களைப் போலவே சில மாதம். சின்னத் தட்டில் ஒரு துண்டு மீன், முள்ளெடுத்தது. வெந்த மீன் இதழ் இதழாகப் பிரியும் அல்லவா, ஒவ்வோர் இதழாக மூன்று விரலால் எடுத்து வாயில் போட்டு, கூழாகும்வரை மென்று, விழுங்கி, கையைத் தட்டின் விளிம்பில் வைத்துக்கொண்டார். பாதித் துண்டு தாண்டியிருக்கும். பேச்சுக்கு நடுவே ஒரு பெருமூச்சு விட்டார். அவருக்கே தெரியவில்லை. கை அடுத்த இதழை எடுத்துவிட்டது. பக்கத்திலிருந்த மகள்தான் “அம்மா, மூச்சு விட்டீங்க” என்றாள். “விட்டா என்னடி” என்று வாயில் போட்டார். விழுங்கியதும் விக்கல், அதற்கடுத்து முகத்தில் வேர்வை, எழுந்து முகப்புக்கும் பட்டாலைக்கும் நடந்தார். வாந்தி வரவில்லை, ஆனால் வர இருந்தது. அவருக்கு வித்தியாசம் அந்த ஒரு இதழ்தான். அன்றைக்குப் பிறகு சில வாரம் மகள்தான் அவருக்குக் காவல். பிறகு அவரே பிடித்துக்கொண்டார்.

உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்தால் நல்லது. மாமியாரோ, அண்ணன் மனைவியான அண்ணமிண்டியோ, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையோ. நம் முகம் நமக்குத் தெரியாது.

அடையாளம் வந்தபிறகும் ஒரு வாய் போட்டுவிட்டு நிறுத்துவது தாமதம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விழுங்கிய கடைசி வாய் இன்னும் முழுதாக உள்ளே இறங்கியிருக்காது. ஆகவே பெருமூச்சு வந்ததும் தட்டை நகர்த்திவிட வேண்டும். ‘இந்த ஒரு வாய்’ கிடையாது. தட்டில் பாதி தீர்ந்ததும், அடையாளம் வந்தாலும் வராவிட்டாலும், இரண்டு நிமிடம் கையை எடுத்துவிட்டு இருங்கள். பலருக்கு அந்த இரண்டு நிமிடத்தில்தான் அது வருகிறது. கரண்டியில்தான் சாப்பிட வேண்டும் என்று சிலர் கண்டிப்பாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கையால் சாப்பிட்டால் முள் தெரியும், நார் தெரியும், கட்டி தெரியும். கவளமாக உருட்டாமல் விரல் நுனியில் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். மொத்தச் சாப்பாட்டுக்கு 20 நிமிடம், மிஞ்சினால் 30. அதற்கு மேலே உட்கார்ந்திருந்தால் முன்னால் சாப்பிட்டது கீழே இறங்கி இடம் காலியாகும், நீங்களும் தொடர்ந்து கொறித்துக்கொண்டே இருப்பீர்கள், அடையாளம் வரவே வராது.

அளவையும் விட்டுவிடக்கூடாது. அடையாளம் கைவரும்வரை அளவுதான் வேலி. வீட்டில் இருக்கிற சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எடுத்துத் தண்ணீர் ஊற்றி அளந்து, 120 மில்லி கொள்வதாகப் பார்த்து உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அடங்குவது ஒரு வேளைச் சாப்பாடு. தீர்ந்தும் அடையாளம் வராவிட்டால் இன்னொரு கிண்ணம் போடாதீர்கள், 20 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

இனி முறுக்கு, பணியாரம். இந்தக் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

வயிற்றுக் குழாய் நிறைந்தது என்று சொல்ல வேண்டுமானால் உணவு அதில் கொஞ்ச நேரம் தங்க வேண்டும். மீனும் முட்டையும் கெட்டிப் பருப்பும் தங்கும். தேன்குழல், சீப்புச்சீடை, மணகோலம் எல்லாம் வாயில் போட்டதும் மாவாகி, எச்சிலோடு கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். ஐஸ்கிரீம், பிஸ்கட், காபியில் நனைத்த ரஸ்க் எல்லாமே அப்படித்தான். வயிறு ‘போதும்’ என்று சொல்வதற்கு அங்கே ஒன்றும் நிற்பதில்லை. உங்கள் ஆபரேஷன் பழுதாகவில்லை, பயப்படாதீர்கள். ஆனால் ஒரு டப்பா தேன்குழலை ஒரு மாலையில் தீர்த்தாலும் அடைக்காது என்பதும் உண்மைதான். எடை திரும்ப ஏறுகிறவர்கள் பெரும்பாலும் பிரியாணியால் ஏறுவதில்லை, இந்த வழியில்தான் ஏறுகிறார்கள். நம் பக்கம் இடைப்பலகார நேரம் என்று ஒன்று இருப்பதால் இது இன்னும் சுலபமாக நடக்கும். மாலை நாலு மணிக்கு வளவில் எல்லாரும் உட்கார்ந்து பேசும்போது கை தானாக டப்பாவுக்குப் போகும். அந்த நேரத்துக்குப் பாதி முட்டையோ, சுண்டல் ஒரு கைப்பிடியோ, கெட்டித் தயிரோ உங்கள் கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். பேச்சை விட வேண்டாம், டப்பாவை மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

வெள்ளைப் பணியாரத்தில் இரண்டு ஆபத்தும் உண்டு: மெத்தென்று வழுக்கிப் போகும், எண்ணெயும் குடித்திருக்கும். இடியாப்பம் இதற்கு நேர் எதிர். நன்றாக மெல்லாவிட்டால் நூல் நூலாக ஒட்டிக் கட்டியாகி வயிற்றுக் குழாயின் நுழைவாயிலிலேயே நிற்கும். குழைந்த சோறும் சப்பாத்தியும் அப்படியே. நாட்டுக்கோழி வறுவல், சுக்கா போன்ற நார்க்கறி இப்போதைக்கு வேண்டாம். அதில் வரும் அடைப்பு நிறைவால் வருவதில்லை, நார் சிக்கியதால் வருவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் அடையாளம் பிடிபடவே செய்யாது. இரண்டு வாயிலேயே அடைத்தால் உணவைக் குற்றம் சொல்லுங்கள், பத்துப் பன்னிரண்டு வாய்க்குப் பிறகு அடைத்தால் அளவைக் குற்றம் சொல்லுங்கள்.

இனிப்பில் இன்னொரு சங்கதி. கும்மாயம், உக்காரை, கவுனி அரிசி, பால் பணியாரம் எல்லாம் இனிப்போடு நெய்யோ தேங்காய்ப்பாலோ சேர்ந்தவை. இவை வேகமாகச் சிறுகுடலில் போய் விழுந்தால் 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வேர்வை, வயிற்றுப் பிசைவு, பேதி வரலாம். டம்பிங் என்பார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவிலும் வரும். சிலருக்கு 1 முதல் 3 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை தடாலென்று இறங்கிக் கை நடுங்கும். அதைப் பசி என்று நினைத்து இன்னொரு இனிப்பைத் தின்றுவிடுவார்கள். கவுனி அரிசி கறுப்பாக இருப்பதால் சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது என்று சொல்லிப் பரிமாறுகிறார்கள். அரிசி நல்லதுதான், அதில் கொட்டின சீனிக்கு அந்தப் பெருமை சேராது.

பசி போலவே தெரியும் இன்னொன்று புளிப்பு. ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் பலருக்கு வருகிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மேல்வயிற்றில் சுரண்டுகிற மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் அமிலம். சாப்பிட்டால் ஒரு நிமிடம் அடங்கும், பிறகு கூடும். டாக்டரிடம் சொல்லி மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், சாப்பாட்டால் அதை அடக்காதீர்கள்.

சாப்பிடும் வரிசை மாற வேண்டும். பருப்பும் நெய்யும் சோற்றில் பிசைந்து, குழம்பு, ரசம், மோர் என்று போவது நம் வழக்கம். உங்களுக்கு முதலில் புரதம், பிறகு காய், இடம் இருந்தால் கடைசியில் இரண்டு விரல் சோறு. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது, அதைப் பார்த்தால் சோற்றுக்கு ஏன் இடமில்லை என்று புரியும். ரசமும் மோரும் சாப்பாட்டோடு வேண்டவே வேண்டாம். நீர் சேர்ந்தால் கெட்டியாக நிற்கிற உணவும் கரைந்து இறங்கிவிடும், அடையாளம் தப்பிப்போகும். தண்ணீரும் அப்படித்தான்: சாப்பிட்டு 30 நிமிடம் கழித்து, மடக்கு மடக்காக. ஆனால் நாள் முழுதும் சேர்த்து ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும், சாப்பாட்டு நேரத்துக்குத்தான் தடை.

தப்பித்தவறி ஒரு வாய் கூடிவிட்டால்? தண்ணீர் ஊற்றி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், மேலேதான் வரும். படுக்காதீர்கள். எழுந்து மெதுவாக நடங்கள். நுரை நுரையாக எச்சில் வந்தால் துப்பிவிடுங்கள். அடுத்த வேளை திடமாக எதுவும் வேண்டாம், நீராகாரமாகவோ வடிகட்டிய சூப்பாகவோ எடுங்கள்.

சாந்திக்கு வருவோம். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து 20 நிமிடம் மென்று சாப்பிட முடியாது. பரிமாறுகிறவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் இலை நிறைந்திருக்கும், அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்பார்கள். அவசரமும் பேச்சும் சேர்ந்தால் பெருமூச்சாவது விக்கலாவது. என் யோசனை, பந்தியில் உட்காராதீர்கள். நீங்கள் வீட்டு மருமகள். ‘வந்தவங்களை முதல்ல கவனிக்கிறேன்’ என்று நின்று பரிமாறினால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், மரியாதையும் கூடும். உங்கள் சாப்பாட்டை அதற்கு முன்னாலேயே இரண்டாங்கட்டில் ஒரு மூலையில் கிண்ணத்தோடு முடித்துவிடுங்கள். சமையல் மேஸ்திரியிடம் காலையிலேயே சொல்லிவைத்தால் காரமில்லாமல் பருப்போ பன்னீரோ தனியாக எடுத்துவைத்துத் தருவார். அவர்கள் சலித்துக்கொள்வதே இல்லை.

உட்கார்ந்தே ஆக வேண்டும் என்றால் கடைசிப் பந்தியில், ஓரத்து இலையில், விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இலையில் மிச்சம் வைத்தால் பெரியவர்களுக்கு மனசு கஷ்டப்படும் என்பதால், இலையை முதலிலேயே பாதியாக நறுக்கிப் போடச் சொல்லுங்கள். “ஆச்சி, இன்னும் ஒண்ணே ஒண்ணு வச்சுக்கிடுங்க” என்று பணியாரத்தோடு வருகிறவரிடம் ஆபரேஷன் கதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. “இப்பத்தான் சாப்பிட்டேன், அப்புறம் வாங்கிக்கிடுறேன்” என்றால் அவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார். டாக்டர் பேச்சை எடுத்தால்தான் நின்று விசாரிப்பார். ஆபரேஷன் செய்தது தெரிந்த உறவுகள் “இவ்வளவுதான் சாப்பிடுறியா, இதுக்குத்தானா இவ்வளவு செலவு” என்பார்கள். சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஒரு வருடம் வாக்கில் இப்போதைவிடக் கூடுதலாகச் சாப்பிட முடியும். வயிறு திரும்பப் பெரிதாகிவிட்டது என்று அப்போது கலங்க வேண்டாம், எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும். பசியும் கொஞ்சம் திரும்பும். இப்போது பழகிய அடையாளம் அப்போதுதான் உண்மையில் கைகொடுக்கும், ஏனென்றால் அதற்குள் வாந்தி வந்து தடுக்கும் காலம் போயிருக்கும்.

கடைசியாக, எது அடையாளம் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பலகாரம் தின்றபிறகு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தால் அது நிறைவு அல்ல. எடை வேகமாகக் குறைகிறவர்களுக்குப் பித்தப்பைக் கல் உண்டாவது சகஜம், ஸ்கேன் எடுக்க வேண்டும். முன்பு இறங்கிய மெல்லிய உணவும் இறங்காமல், பிறகு தண்ணீரும் இறங்காமல் போனால் குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருக்கலாம். அதை எண்டாஸ்கோப்பி வழியாகப் பலூன் வைத்து விரிக்க முடியும், ஆனால் உங்களுக்கு அறுவை செய்தவரிடம் உடனே போக வேண்டும். எந்தக் காரணத்தாலோ வாந்தி இரண்டு மூன்று நாள் விடாமல் தொடர்ந்தால் உடம்பில் தயமின் என்ற பி1 விட்டமின் சீக்கிரம் தீர்ந்துபோகும். நடை தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, பேச்சில் குழப்பம் எல்லாம் அதன் அறிகுறி, காத்திருக்கக் கூடாது. அசதியாக இருக்கிறது என்று பக்கத்து கிளினிக்கில் போய் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்வது நம் ஊரில் வழக்கம். தயமின் இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் இது இன்னும் மோசமாகும். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்றைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். ஊசி போட வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் அதைக் காட்டி, “ஸ்லீவ் ஆபரேஷன் ஆனவ, வாந்தி நிக்கல, குளுக்கோஸுக்கு முன்னால தயமின் போடணும்” என்று சொல்லிவிடுங்கள். உங்களால் பேச முடியாமல் இருந்தால் சொல்வதற்கு வீட்டில் இன்னொருவருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.